மர்தியாவின் தோல் புளிக்க வேண்டும்

பாசிர் மாஸ்,
வெள்ளிக்கிழமை, பட்டறைக்கு விடுமுறை.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய கல்சோம் அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி வான் அஸ்மான் எழுதுவது. டுங்குனில் நீங்களும் மச்சானும் உடல் சுகத்தோடும் மனச் சுகத்தோடும் இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன். இங்கே நானும், என் வீட்டுக்காரி ரொஹாயுவும், பட்டறையில் சக்கரம் கழற்றி நிற்கும் பதினான்கு மோட்டார் சைக்கிள்களும் நலம். மகள் மர்தியாவும் நலம் என்று எழுதக் கூடிய நாள் வரட்டும் என்றுதான் இத்தனை நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன். இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு மாதமாக நீங்கள் கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. கோபம் வேண்டாம். போனில் நான் ‘அக்கா’ என்று ஆரம்பித்ததும் நீங்கள் பேசத் தொடங்கிவிடுவீர்கள். நீங்கள் மூச்சு வாங்க நிறுத்தும்போது எனக்கு வண்டி எடுக்க ஆள் வந்துவிடும். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. சொல்ல வேண்டிய விஷயமோ உங்கள் சோப்பைப் பற்றியது. ஆகவே பாதியில் எழுந்து ஓடாமல் கடைசிவரை எழுதியே தீர்வது என்று தீர்மானம் செய்து, ரொஹாயுவிடம் தேநீர் வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மர்தியாவின் முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கைக்குழந்தையாக இருந்தபோதே வந்த சிவப்பு உங்களுக்குத் தெரியும். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு அது கழுத்துக்கும் ஏறிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை, நகத்தை ஒட்ட வெட்டிவிட்டால் மேசை விளிம்பில் கையைத் தேய்த்துக்கொள்கிறாள். மேசையை நகர்த்தினால் கதவு நிலையில் தேய்த்துக்கொள்கிறாள். நான் யோசித்தேன். என் யோசனை எந்தப் பாதையில் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் ஒரே நோய், அழுக்கு. கார்புரேட்டர் அடைத்தாலும் அழுக்கு, பிளக் பொறி விடாவிட்டாலும் அழுக்கு, சங்கிலி கத்தினாலும் அழுக்கு. மருந்தும் ஒன்றுதான், கழுவுவது. வீட்டிலோ நீங்கள் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, கட்டி கட்டியாக அறுத்து, பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்துவிட்ட சோப்பு ஒரு பெட்டி நிறைய இருந்தது. என் விரலிடுக்குக் கிரீஸையே ஒரே தேய்ப்பில் எடுக்கிற சோப்பு. அதற்கு முன்னால் பிள்ளையின் முழங்கைச் சிவப்பு எம்மாத்திரம். சுடுதண்ணீர், உங்கள் சோப்பு, பீர்க்கங்காய் நார், ஒரு நாளைக்கு மூன்று வேளை, பதினைந்தே நாளில் இதை வீட்டை விட்டுத் துரத்திவிடுவது என்று முடிவெடுத்து அன்றே வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

ரொஹாயு குளியலறை வாசலில் வந்து நின்று பார்த்தாள். “பிள்ளை என்ன, மோட்டார் சைக்கிள் சங்கிலியா?” என்றாள்.

“சங்கிலியா இருந்தா இந்நேரம் பளபளன்னு இருக்கும்” என்றேன்.

அந்தப் பதிலை இப்போது என் கையாலேயே எழுதும்போது காது மடல் சுடுகிறது அக்கா. ஆனாலும் ஒன்றையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துதானே உட்கார்ந்தேன்.

ஒரு வாரத்தில் சிவப்பு குறையவில்லை. தோல் வெயிலில் காய்ந்த வயல் மாதிரி வெடித்து, தொட்டால் சொரசொரவென்று, ஓரங்களில் ஈரம் கசிய ஆரம்பித்தது. என்னை மாதிரி ஆள் அதற்கு என்ன செய்வான்? மூன்று வேளையை நான்கு வேளையாக்கினேன். மர்தியா அழுகிற பிள்ளை இல்லை. கையை நீட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, “அப்பா, சோப்பு கடிக்குதுப்பா” என்றாள். “சோப்பு கடிக்கலம்மா, உள்ள இருக்கற கிருமி சாகுது. அது உதைக்கிற உதைதான் உனக்கு அப்படி இருக்கு” என்றேன். அவள், “அப்ப நிறைய கிருமி இருக்கு போல. ரொம்ப நேரமா சாகுது” என்றாள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தேய்த்தேன்.

பதின்மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து அவள் வகுப்பாசிரியை நோர்லைலா கூப்பிட்டார். கிரீஸ் கையோடு ஓடினேன். உடற்பயிற்சி வேளையில் பிள்ளைகள் வட்டமாக நின்று கைகோத்து ஆட வேண்டுமாம். மர்தியாவின் கையைப் பிடிக்க இரண்டு பக்கமும் யாரும் வரவில்லையாம். “ஒட்டிக்கும்னு பயப்படுறாங்க. ஒட்டாதுன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கிறாங்க. இவளும் மரத்தடியில தனியா போய் உக்காந்துக்குறா” என்று சொல்லி அவளுடைய கணக்கு நோட்டைக் காட்டினார். வலது பக்கங்களில் எல்லாம் கை வைக்கிற இடத்தில் பழுப்புக் கறை. முதலில் தேநீர் சிந்தியது என்று நினைத்தேன். பிறகுதான் அது ரத்தம் என்று புரிந்தது.

அவளை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தேன். சந்தை முக்கைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள், “அப்பா, நாளையிலிருந்து அஞ்சு தடவை கழுவலாமா? சீக்கிரம் போயிடும்ல?”

வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன் அக்கா. கொஞ்ச நேரம் இன்ஜினைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டிருந்தேன். பிறகு வீட்டுக்குப் போகும் வழியை விட்டுவிட்டு மருத்துவ நிலையத்துக்குத் திருப்பினேன்.

அங்கே இருந்தவர் சின்ன வயது டாக்டர். மர்தியாவின் கையை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்துவிட்டு, இது எக்ஸிமா என்ற தோல் அழற்சி, யாருக்கும் ஒட்டாது என்றார். பிறகு, “எதை வச்சு கழுவுறீங்க?” என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். சுடுதண்ணீர், அக்கா கையால் காய்ச்சிய சோப்பு, பீர்க்கங்காய் நார், நான்கு வேளை. டாக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, “மிஸி, கொஞ்சம் இங்க வாங்க” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். வந்தவர் மிஸி சியூ லான். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிற தாதி. ஒல்லியான உடம்பு, வாசலில் நிற்பவனுக்கும் கேட்கிற குரல். என் நகத்தில் இருந்த கிரீஸைப் பார்த்தார். “மெக்கானிக்கா? நல்லதாப் போச்சு. உக்காருங்க” என்றார்.

“தோல் கொஞ்சம் புளிப்பா இருக்கணும்” என்றார்.

“எது?”

“தோல். புளிப்பு. லேசான அமிலம்.”

“மிஸி, அமிலம்னா எனக்குத் தெரியும். பேட்டரிக்குள்ள இருக்கு. ஒரு சொட்டு பட்டு என் கால்சட்டையே போச்சு.”

“அது உங்க கால்சட்டையைத் தின்னற அமிலம். இது தயிர் அளவுக்குக்கூட இல்ல. ஆனா அந்தத் துளிப் புளிப்புலதான் எல்லாமே நிக்குது. கேஸ்கெட் போயிட்டா இன்ஜின் என்ன ஆகும்?”

“எண்ணெய் கசியும். வெளியில இருக்கற தூசி உள்ள போகும்.”

“அதேதான். மேல் தோல்ங்கறது காஞ்ச செல்லுங்களை அடுக்கி, நடுவுல ஒரு மாதிரி கொழுப்பைப் பூசி வச்ச கேஸ்கெட். அந்தக் கொழுப்பைத் தயார் பண்ற வேலைக்காரங்க தோலுக்குள்ளயே இருக்காங்க. புளிப்பு இருந்தாதான் அவங்க வேலை செய்வாங்க. இன்னொரு கூட்டம் இருக்கு, பழசான செல்லை வெட்டி விடுற கூட்டம். புளிப்பு இருக்கற வரைக்கும் அது அடங்கி இருக்கும். புளிப்பு போச்சுன்னா கண்ணு மண்ணு தெரியாம வெட்டும். பூசறவன் சும்மா உக்காந்திருப்பான், வெட்டறவன் வெட்டிக்கிட்டே இருப்பான். தண்ணி வெளிய போகும், அரிப்பு உள்ள வரும்.”

“சரி, புளிப்பு ஏன் போகுது?”

மிஸி என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. “சோப்பு புளிப்புக்கு நேர் எதிரி. நல்ல தோலா இருந்தா சில மணி நேரத்துல தானே பழைய நிலைக்கு வந்துடும். எக்ஸிமாத் தோல்ல முதல்லயே புளிப்பு குறைச்சல். திரும்பி வர ரொம்ப நேரம் பிடிக்கும். அது வர்றதுக்குள்ள நீங்க அடுத்த வாளியோட நிக்கிறீங்க. எந்திரிக்கப் பாக்கற பிள்ளையை ஒரு நாளைக்கு நாலு தடவை தள்ளி விட்டிருக்கீங்க.”

கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மர்தியா, “அப்ப அது கிருமி சாகறது இல்லையா?” என்று கேட்டாள்.

“இல்லடி கண்ணு. புளிப்பு போன தோல்தான் கிருமிக்குப் பிடிச்ச வீடு. உங்கப்பா வீட்டையும் கழுவி விட்டு, கதவையும் தொறந்து வச்சிருக்காரு.”

மர்தியா என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. ‘பாவம், அப்பாவுக்கு யாரும் சொல்லித் தரலை’ என்பது மாதிரி பார்த்தாள்.

மருந்தும், ஒரு டப்பா தைலமும், சோப்பு இல்லாத கழுவும் திரவம் ஒரு பாட்டிலும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தேன். வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணால் பார்க்காத பழுதை நான் எப்போதும் நம்புவதில்லை. ரொஹாயு தன் நாசி கெராபு நீலச் சோற்று வியாபாரத்துக்குச் சங்குப்பூவைக் கொதிக்கவைத்து நீலத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தாள். அவள் அதில் எலுமிச்சை பிழிந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊதா நிறச் சர்பத் கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புளிப்புப் பட்டால் நிறம் மாறும் தண்ணீர் வீட்டிலேயே இருக்கும்போது நான் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று கண்ணாடித் தம்ளர்களை வரிசையாக வைத்தேன். எலுமிச்சை விட்டேன், ஊதாவாகி ரோஜா நிறத்துக்கு ஓடியது. மிஸி கொடுத்த திரவத்தை விட்டேன், நீலம் பெரும்பாலும் நீலமாகவே நின்றது, கொஞ்சம் ஊதா சாயல். கடைச் சோப்பை விட்டேன், பச்சை. கடைசியில் உங்கள் சோப்பைச் சீவிப் போட்டுக் கலக்கினேன் அக்கா. பச்சையானது. அங்கே நிற்காமல் மஞ்சள் பக்கம் போக ஆரம்பித்தது. நீங்கள் காஸ்டிக் சோடாவைக் கண்ணளவில் போடுகிறவர் என்பது எனக்குத் தெரியும், மச்சானும் சொல்லியிருக்கிறார். அதே நிறத்தைத்தான் நான் என் மகளின் முழங்கையில் பதின்மூன்று நாள் தேய்த்திருக்கிறேன்.

பிறகு எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ரொஹாயு சொல்கிறாள். பற்பசை, பாத்திரத் தூள், தலைக்குப் போடும் ஷாம்பு, பள்ளிவாசல் பிலால் பூசும் அத்தர் எல்லாம் தம்ளருக்குள் போயின. எதிர்வீட்டுக்காரர் தன் சோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் அவர் மாமியார் முகப்பவுடருடன் வந்தார். நான் ஒவ்வொருவருக்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மும்முரத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கிய பெரிய சட்டியை நான் சரியாக அலசி வைக்கவில்லை. மறுநாள் காலை ரொஹாயு அதில்தான் அரிசியை நீலத் தண்ணீரில் ஊற வைத்து வேகவைத்தாள். மூடியைத் திறந்து பார்த்தால் சோறு தவளை நிறத்தில் இருக்கிறது. முழுவதையும் கொட்டிவிட்டு வெறும் வெள்ளைச் சோறு ஆக்கினாள். வாடிக்கையாளர் ஒருவர், “நீலம் எங்க?” என்று கேட்டதற்கு, “நீலத்தை எங்க வீட்டு விஞ்ஞானி எடுத்துக்கிட்டாரு. உள்ளதான் இருக்காரு, போய்க் கேளுங்க” என்றாள். அன்று முழுக்க என்னை விஞ்ஞானி என்றே கூப்பிட்டாள். சோறு போடும்போதும் அப்படித்தான்.

நிற்க. இங்கேதான் என் இரண்டாவது முட்டாள்தனம். தோலில் புளிப்பு குறைந்துவிட்டது, சரி. குறைந்ததை நாமே ஊற்றி நிரப்பிவிட்டால் என்ன? வண்டியில் எண்ணெய் குறைந்தால் அப்படித்தானே செய்கிறோம்? மிஸி இதைச் சொல்ல மறந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். ஆறு எலுமிச்சையைப் பிழிந்து, ரொஹாயுவின் வினிகரில் கொஞ்சம் கலந்து ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டேன். ஆனால் அக்கா, மர்தியாவின் மேல் போடுவதற்கு முன் என் மேல் போட்டுப் பார்க்கிற அளவுக்கு எனக்குப் புத்தி வந்திருந்தது. இதை மட்டும் என் கணக்கில் நல்லதாக எழுதிக்கொள்ளுங்கள். பெட்ரோலில் வெடித்திருந்த என் இடது முன்கையில் தாராளமாகப் பூசிக்கொண்டு, ஒரு ஹாஜியாரின் வண்டியைக் கொடுத்துவிட்டு வர நல்ல வெயிலில் கிளம்பினேன். பாதி வழியில் கை எரிய ஆரம்பித்தது. ஹாஜியார் வீட்டை அடைந்தபோது நான் சலாம் சொல்லாமல் நேரே அவருடைய மீன் தொட்டியில் கையை விட்டேன். மறுநாள் கொப்புளம். அது ஆறிய பிறகு கையில் பழுப்பாக ஒரு தழும்பு, தலைகீழாகப் பார்த்தால் நம் கிளந்தான் மாநில வரைபடம் மாதிரியே இருக்கிறது.

அடுத்த முறை மருத்துவ நிலையத்துக்குப் போனபோது மிஸி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ன இது, ஊறுகாய் போட்டீங்களா?”

சொன்னேன்.

“எலுமிச்சைச் சாறு பட்ட தோல்ல வெயில் பட்டா இப்படித்தான் வெந்து போகும். மர்தியாவுக்குப் போட்டீங்களா?”

“இல்ல மிஸி. முதல்ல எனக்கு.”

“அதனாலதான் இன்னும் உங்களோட பேசிக்கிட்டு இருக்கேன்” என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, “அந்தப் புளிப்பை வெளியில இருந்து ஊத்த முடியாதுங்க. தோலே அதை உள்ளுக்குள்ள சமைச்சுக்கும். நீங்க அடுப்பை அணைக்காம இருந்தா போதும்” என்றார்.

அன்றிலிருந்து நான் அடுப்பை அணைக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். சுடுதண்ணீர் கிடையாது, வெதுவெதுப்புதான். நாரைத் தூக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டேன். குளியல் பத்து நிமிடத்துக்குள், அந்தச் சோப்பில்லாத திரவத்தோடு. துண்டால் தேய்ப்பதில்லை, ஒற்றுவதுதான். ஒற்றிய ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிடத்தில், உடம்பெல்லாம் தைலம். சிவந்து கிடக்கும் இடத்தில் டாக்டர் சொன்ன மருந்து, அவர் சொன்ன அளவு, அவர் சொன்ன நாள்வரை. தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்வது வெறும் தண்ணீர்தானே, அதனால் கெடுதல் இல்லை, ஆனால் முடித்ததும் தைலம் பூசிவிடுங்கள் என்று மிஸி சொன்னார், அதையும் விடுவதில்லை. நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் நிற்பேன். வண்டி எடுக்க வந்தவன், “அண்ணே, என் பிரேக்கு” என்றால், “மூணு நிமிஷம்” என்பேன். முதல் வாரம் பிள்ளை வழுக்கிக்கொண்டு ஓடினாள். இரண்டாம் வாரம் டப்பாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, “நீங்க பூசினா கிரீஸ் அடிக்கிற மாதிரி இருக்கு. நானே பூசிக்கிறேன்” என்றாள். கழுத்துக்கு மட்டும் அம்மா. எனக்குக் கடிகாரம் பார்க்கும் வேலை மட்டும்தான் மிச்சம்.

நான்காவது வாரத்தில் கசிவு நின்றது. ஆறாவது வாரத்தில் முழங்கை மடிப்பு மென்மையாகி, பழைய சிவப்பு இருந்த இடத்தில் லேசான தழும்பு மட்டும் இருந்தது. அடியோடு போய்விட்டது என்று நான் எழுத மாட்டேன். வரும், போகும், வளர வளரக் குறையலாம் என்று டாக்டர் முதல் நாளே சொன்னார். போன வாரம் வேர்வையில் முழங்காலுக்குப் பின்னால் மறுபடி கொஞ்சம் தலைகாட்டியது. வரட்டும். நானும் இங்கேதான் இருக்கிறேன், தைலமும் இருக்கிறது.

ஆனால் கை ஆறியும் பள்ளியில் அவள் கையை யாரும் பிடிக்கவில்லை. அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. நோர்லைலா டீச்சரிடம் போய்க் கால் மணி நேரம் கேட்டேன். அவர் என்னையும் என் கையிலிருந்த நீலப் பாட்டிலையும் பார்த்துவிட்டு, “வெடிக்காதுல்ல?” என்று கேட்டு அனுமதி கொடுத்தார். முப்பத்திரண்டு பிள்ளைகள். என் வாழ்க்கையில் நான் யாருக்கும் முன்னால் நின்று பேசியதில்லை. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசித்தான் பழக்கம். எலுமிச்சை விட்டேன், ஊதாவானது. வகுப்பே எழுந்து நின்றது. சோப்பைக் கலக்கினேன், பச்சையானது. மர்தியாவின் தோலில் புளிப்பு குறைந்திருந்தது, அப்பா தெரியாமல் சோப்புப் போட்டு இன்னும் கெடுத்துவிட்டேன், அவள்மேல் ஒரு தப்பும் இல்லை, இது தொட்டால் ஒட்டுகிற நோயும் இல்லை, இத்தனை நாள் நான்தான் அதிகம் தொட்டேன், எனக்கு ஒட்டவில்லையே என்று சொன்னேன். கையில் இருக்கும் கிளந்தான் வரைபடத்தையும் காட்டினேன், அது என் சொந்தத் தவறு என்ற விளக்கத்தோடு.

முன்வரிசையில் இருந்த ஒரு குண்டுப் பெண், பெயர் இஸ்ஸாத்தியாம், கையைத் தூக்கினாள். “அப்ப இப்ப மர்தியா கை புளிக்குமா?”

“கொஞ்சம் புளிக்கும். எல்லார் தோலும் அப்படித்தான்.”

“நக்கிப் பார்க்கலாமா?”

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் மர்தியா இருக்கையில் இருந்து எழுந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் தானே சுருட்டி விட்டுக்கொண்டு, “அஞ்சு பேருக்குத்தான். வரிசையா வாங்க” என்றாள்.

நக்கக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே பிடித்து மட்டும் பார்த்தார்கள், ஐந்து பேர் இல்லை, முப்பத்தொரு பேரும். மணி அடித்த பிறகும் வரிசை நின்றது. நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வண்டியைக் கிளப்பினேன். மூன்று உதைக்கும் கிளம்பவில்லை. சாவியே போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அக்கா, இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். மர்தியாவுக்கு இனி உங்கள் சோப்பு வேண்டாம். அனுப்பாதீர்கள். உங்கள் சோப்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை; சங்கிலிக்கும் சட்டைக்கும் அதைப்போல ஒன்று கிடையாது. கெட்டது என் பிடிவாதம். நீங்கள் பாசத்தில் அனுப்பியதை நான்தான் நாலு வேளை ஆயுதமாக்கினேன். அதனால் உங்கள் மனம் வருந்தினால் என்னைத் திட்டுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. கடைசி முறை போனபோது மிஸி சியூ லான் கேட்டார், “அந்தச் சோப்பைக் காய்ச்சறவங்க கை எப்படி இருக்கு?” அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெருநாளன்று உங்கள் கையைப் பிடித்து முத்தமிட்டபோது உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி இருந்தது. கட்டைவிரல் ஓரத்தில் வெடித்து ரத்தம் உறைந்திருந்தது. என்ன என்று கேட்டதற்கு, “மீன் முள்ளு குத்திடுச்சுடா” என்றீர்கள். நானும் நம்பிக்கொண்டு பலகாரத் தட்டுக்குப் போய்விட்டேன். பத்து விரலிலுமா அக்கா மீன் முள் குத்தும்?

அதனால் ஒரே முடிவாகச் சொல்கிறேன். சோப்புச் சட்டியை இறக்கி வையுங்கள். டுங்குனில் டாக்டரிடம் போய்க் கையைக் காட்டுங்கள். வயசானால் இப்படித்தான் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால், அடுத்த வெள்ளிக்கிழமை நானே வண்டியில் வந்து உங்களைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போவேன். மச்சானிடம் சொல்லி வையுங்கள். இந்த விஷயத்தில் என் பிடிவாதம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும்.

மச்சானுக்கு என் சலாம். ரொஹாயு உங்கள் நலத்துக்கு துஆ கேட்பதாகவும், நான் தேநீர் மூன்று முறை கேட்டதையும் எழுதச் சொல்கிறாள். உங்கள் கைகள் ஆறி, வயிறு குளிர்ந்து, இன்னும் பல பெருநாள் எங்களைத் திட்டி வாழ இறைவன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கீழ்ப்படியாத தம்பி,
வான் அஸ்மான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மர்தியா வந்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். “அத்தைக்குத்தான் எல்லாம் தெரியுமே” என்றாள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அம்மாவின் போனில் உங்களோடு பேசுகிறாளாம். வாளி, தவளைச் சோறு, ஊறுகாய்க் கை, வகுப்பு வரிசை எல்லாம் உங்களுக்கு அன்றன்றே வந்து சேர்ந்துவிட்டதாம். நீங்கள் சோப்புக் காய்ச்சுவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறதாம். டாக்டரிடம் இரண்டு முறை போய்விட்டீர்களாம். உங்கள் கைக்கும் இதே தைலம்தானாம், இரண்டு பேரும் போனில் கையைக் காட்டி யாருடையது சீக்கிரம் ஆறுகிறது என்று பந்தயம் வைத்திருக்கிறீர்களாம். “அப்புறம் ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?” என்று கேட்டேன். “அத்தைதான் வேணாம்னாங்க. உங்கப்பன் பொறந்ததுல இருந்து எனக்கு ஒரு கடுதாசி எழுதுனதில்ல, இப்பத்தான் எழுதுற மாதிரி முகத்தை வச்சிக்கிட்டு திரியறான்னு உங்கம்மா சொல்றா, நீ சொல்லிக் கெடுத்துடாதேன்னாங்க” என்றாள். ஆக, மேலே இருக்கும் பதினொரு பக்கத்தில் உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை. கிழித்துப் போடலாம் என்று எழுந்தேன். ரொஹாயு கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள்; இதையும் நான் எழுதி முடித்ததும் உறையைத் தானே ஒட்டப் போகிறாளாம். வந்து சேர்ந்ததும் கைக்குத் தைலம் பூசி, அது காய்ந்த பிறகு பிரித்துப் படியுங்கள், இல்லாவிட்டால் மை அழியும். பதிலைப் போனில் சொல்ல வேண்டாம். எழுதி அனுப்புங்கள்.